முதல் சதுரம்: இரண்டு ஊசியும் ஒரு நூல்கண்டும் கொண்டு பின்னத் தொடங்குவது எப்படி?

வீட்டில் இருக்கும் பருத்தி டி-ஷர்ட் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக ஆங்கில ‘வி’ எழுத்துகள் அடுக்கியிருக்கும். உள்பக்கத்தைத் திருப்பினால் பிறை பிறையாகச் சிறு மேடுகள் தெரியும். சேலையில் இருக்கும் பாவும் ஊடும் இதில் கிடையாது. ஒரே நூல்தான் வளைந்து வளைந்து, முந்தைய வரிசையின் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் (நூல் வளையத்துக்குள்ளும்) புகுந்து வெளியே வந்திருக்கிறது. இழுத்தால் துணி நீள்வதும், ஓரிடத்தில் நூல் அறுந்தால் கிழிசல் ஏணிபோல் ஓடுவதும் இதனால்தான். திருப்பூரின் பின்னல் இயந்திரங்கள் நூற்றுக்கணக்கான ஊசிகளை வைத்துக்கொண்டு நொடிப்பொழுதில் செய்வதை நாம் இரண்டு ஊசிகளில், ஒவ்வொரு கண்ணியாகச் செய்யப்போகிறோம்.

செய்யப்போகும் பொருள் சுமார் 20 செ.மீ. அளவில் ஒரு சதுரம். அவ்வளவுதான். புதிதாக வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் ‘அக்கா குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர்’ என்றுதான் தொடங்குகிறார்கள். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயது வரும்போது ஸ்வெட்டரின் ஒரு கை மட்டும் முடிந்திருக்கும். சதுரத்தில் கண்ணிகளைக் கூட்டல், குறைத்தல், கழுத்து வளைவு எதுவும் இல்லை. ஒரே ஒரு அசைவை எண்பது வரிசைகளுக்குத் திரும்பத் திரும்பச் செய்தால் கை தானாகப் பழகிவிடும்.

படி 1: கடைக்குப் போவது

இந்தப் படியைத்தான் நான் நீட்டி எழுதப்போகிறேன். ‘எனக்குப் பின்னல் வராது’ என்று ஒதுங்கிப் போனவர்களில் பலருக்குக் குறை கையில் இல்லை. வாங்கிய நூலில் இருந்தது.

தமிழ்நாட்டில் நூலுக்கென்றே தனிக் கடைகள் எல்லா ஊரிலும் இல்லை. தையல் பொருட்கள் விற்கும் கடை, வளையலும் ரிப்பனும் விற்கும் ஃபேன்சி ஸ்டோர், பெரிய ஊர்களில் கைவினைப் பொருள் கடை ஆகிய இடங்களில்தான் தேட வேண்டும். ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் நூல்தான் வரும். அதில் குற்றமில்லை. பழகுவதற்கு நல்லது, மலிவு, துவைக்க எளிது. ஆனால் கண்ணெதிரே தொங்கும் பளபளப்பான சின்னக் கண்டுகளை எடுக்காதீர்கள். அவை பள்ளிக்கூடக் கைவேலைக்காக வைத்திருப்பவை. மெல்லியவை, நடுநடுவே முடிச்சு இருக்கும். “ஸ்வெட்டர் பின்னுகிற நூல் இருக்கிறதா, அண்ணா?” என்று கேளுங்கள். கடைக்காரர் ஸ்டூலைப் போட்டு மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினால் சரியான கடைக்கு வந்துவிட்டீர்கள் என்று பொருள். அந்தப் பெட்டியில் லூதியானாவிலிருந்து வரும் வர்தமான், ஓஸ்வால் போன்ற பெயர்களைப் பார்க்கலாம்.

நூல் நடுத்தரத் தடிமனாக இருக்கட்டும். லேபிளில் எதுவும் புரியவில்லையா? ஒரு பென்சிலில் நூலை நெருக்கமாக, ஆனால் இறுக்காமல் சுற்றுங்கள். ஓர் அங்குலத்தில் சுமார் 12 சுற்று வந்தால் நமக்கு ஏற்ற நூல். இருபதைத் தாண்டினால் மெல்லியது. அதைத்தான் வாங்க முடியும் என்றால் இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்துப் பின்னலாம். வெளிர் நிறம், ஒரே நிறம், வழவழப்பான நூல் என்ற மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். கறுப்பு நூலில் கண்ணி எங்கே இருக்கிறது என்பது பழகியவர்களுக்கே இரவில் தெரியாது. மொசுமொசுவென்று முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூல் தொடுவதற்கு இதமாக இருக்கும். பிரிக்க நேர்ந்தால் அழவைக்கும். தொடக்கத்தில் நிறையப் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஒரு சதுரத்துக்கு ஏறக்குறைய 25 கிராம் போகும். 100 கிராம் வாங்கிவிடுங்கள். லேபிளில் சாய லாட் எண் அச்சிட்டிருந்தால், எல்லாக் கண்டுகளிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதே நிறமாக இருந்தாலும் வேறு லாட்டில் சாயம் போட்டது பக்கத்தில் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மையான கம்பளியா என்ற சந்தேகம் வந்தால் வீட்டில் ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் நாற்றத்துடன் பொடியாகும். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அக்ரிலிக் சதுரத்தைக் கொண்டு அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கக் கூடாது. சமையலறைப் பிடிதுணிதான் வேண்டும் என்றால் தடிமனான பருத்தி நூல் வாங்குங்கள். பருத்தி இழுவை கொடுக்காது என்பதால் விரல் கொஞ்சம் வலிக்கும்.

இனி ஊசி. நமக்கு வேண்டியது 4 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட நேர் ஊசி ஒரு ஜோடி. நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண் முறை இன்னும் புழங்குகிறது. அதில் இது 8-ஆம் நம்பர். இந்த முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும்: 10-ஆம் நம்பர் 3.25 மி.மீ., 12-ஆம் நம்பர் 2.75 மி.மீ. அமெரிக்க முறை தலைகீழ். அங்கே 8 என்றால் 5 மி.மீ. அமெரிக்கக் காணொளியைப் பார்த்துவிட்டுக் கடையில் “எட்டு” என்று கேட்டால் வேறு ஊசிதான் கைக்கு வரும். மில்லிமீட்டரில் கேட்டுவிட்டால் தொல்லை இல்லை.

நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் ‘போனி’ ஊசிகளைத் தயாரிக்கும் நிறுவனம் நீலகிரியில் கேத்தியில் இருக்கிறது. 1949-இல் தொடங்கிய தொழிற்சாலை அது. அலுமினிய ஊசி விலை குறைவு, ஆனால் வழுக்கும். மூங்கில் ஊசியில் கண்ணி கொஞ்சம் பற்றி நிற்கும். கையிலிருந்து எல்லாம் நழுவும் முதல் வாரத்துக்கு மூங்கில்தான் என் வாக்கு. நீளம் 25 செ.மீ. போதும். நீளமான ஊசி பக்கத்தில் இருப்பவரின் விலாவைத்தான் குத்தும்.

இவற்றோடு மொட்டை முனையுள்ள பெரிய துளை ஊசி ஒன்று, கத்தரிக்கோல், தவறிய கண்ணியை மீட்க ஒரு குரோஷே ஊசி (முனையில் கொக்கி உள்ளது) வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: கண்ணி ஏற்றுதல்

நூல் முனையில் ஒரு சாண் விட்டு ஒரு வளையம் போடுங்கள். கண்டின் பக்கமிருந்து வரும் நூலை அந்த வளையத்துக்குள் கொஞ்சம் இழுத்தால் இன்னொரு வளையம் கிடைக்கும். அதை ஊசியில் மாட்டி இழுங்கள். ஊசியில் அது தாராளமாக நகர வேண்டும். இதுதான் முதல் கண்ணி.

ஏற்றுவதற்குப் பல வழிகள் உண்டு. பின்னும் அசைவையே கொண்டு ஏற்றும் வழியை நான் பரிந்துரைக்கிறேன். அடுத்த படிக்கும் சேர்த்துப் பயிற்சி ஆகிவிடும். முதல் கண்ணி உள்ள ஊசி இடக்கையில். வெறும் ஊசி வலக்கையில். வல ஊசியின் முனையைக் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னால் செலுத்துங்கள்; அது இட ஊசிக்குப் பின்னால் குறுக்காக நிற்கும். நூலை வல ஊசி முனையைச் சுற்றி, கீழிருந்து மேலாக, இரண்டு ஊசிகளுக்கும் நடுவே கொண்டுவாருங்கள். சுற்றிய நூலை வல ஊசியால் கண்ணி வழியே முன்பக்கம் இழுங்கள். வந்த புதுக் கண்ணியை இட ஊசியில் முதல் கண்ணிக்குப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள். இரண்டு ஆயிற்று. இப்படியே நாற்பது.

படி 3: பின்னும் அசைவு

நுழை, சுற்று, இழு, விடு. இந்த நான்கு சொற்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், வீட்டார் சிரிக்கட்டும். முதல் மூன்றும் மேலே செய்தவைதான். நான்காவதில்தான் வேறுபாடு: புதுக் கண்ணியை வல ஊசியிலேயே வைத்துக்கொண்டு, பழைய கண்ணியை இட ஊசியிலிருந்து நழுவ விடுகிறோம். நாற்பதும் வலப்பக்கம் போய்ச் சேர்ந்தால் ஒரு வரிசை முடிந்தது. ஊசிகளைக் கை மாற்றிக்கொண்டு மறுபடி தொடங்க வேண்டும். நூல் எப்போதும் வேலைக்குப் பின்பக்கம் இருக்கட்டும்.

நூலை எந்தக் கையில் பிடிப்பது என்று சண்டையே நடக்கும். வலக்கையில் பிடித்து எறிவதுபோல் சுற்றுவது ஆங்கிலேய முறை. இடக்கையில் பிடித்து ஊசியால் கோத்து எடுப்பது ஐரோப்பிய முறை. குரோஷே போடப் பழகியவர்களுக்கு இடக்கை முறை எளிது, ஏனென்றால் அவர்கள் நூலை ஏற்கெனவே அந்தக் கையில்தான் பிடிக்கிறார்கள். துணியில் எந்த வேறுபாடும் வராது.

எல்லா வரிசையையும் இந்த ஒரே அசைவில் பின்னினால், இரண்டு வரிசைக்கு ஒரு மேடு வீதம் துணியின் இருபுறமும் கிடைக்கோடுகள் எழும். இந்தப் பின்னலில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு: எத்தனை கண்ணியோ அத்தனை மேடு வந்தால் ஏறக்குறையச் சதுரம். நாற்பது கண்ணிக்கு நாற்பது மேடு, அதாவது எண்பது வரிசை. அளவுகோல் தேடி எழ வேண்டாம். ஒரு மூலையை எதிர்மூலைக்கு மடித்துப் பாருங்கள், ஓரங்கள் சேர்ந்தால் சரி.

படி 4: எண்ணுங்கள், இறுக்காதீர்கள்

ஒவ்வொரு வரிசை முடிவிலும் கண்ணிகளை எண்ணுங்கள். நாற்பத்தொன்று வந்தால், பெரும்பாலும் தவறு வரிசையின் தொடக்கத்தில் நடந்திருக்கும். ஊசியைத் திருப்பியதும் நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போய்விட்டால் முதல் கண்ணி இழுபட்டு இரண்டு கண்ணிகள்போல் தெரியும். அதை இரண்டாகப் பின்னிவிடுவீர்கள். நூலை ஊசிக்குக் கீழாகவே பின்பக்கம் கொண்டுபோனால் போதும். முப்பத்தொன்பது வந்தால் எங்கேயோ ஒன்று நழுவியிருக்கிறது. பதற வேண்டாம், அது ஓடுவதற்குள் குரோஷே ஊசியை விட்டுக் கீழிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏற்றலாம். மேடு முன்பக்கமும் பின்பக்கமும் மாறி மாறி வரும் என்பதால் ஒரு படியை முன்னாலிருந்தும் அடுத்ததைப் பின்னாலிருந்தும் இழுக்க வேண்டும். முதல் முறை இதைப் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

இறுக்கம் எல்லோருக்கும் வரும் நோய். ஊசி கண்ணிக்குள் நுழையவே மறுத்தால், ஒவ்வொரு கண்ணிக்குப் பிறகும் நூலைச் சுண்டி இழுக்கிறீர்கள் என்று பொருள். சுண்டாதீர்கள். தோளைத் தளர்த்துங்கள். காபி குடியுங்கள்.

அந்தப் ‘பக்கத்தில் ஒருவர்’ யார்? அடுக்குமாடிக் குடியிருப்பில் விசாரித்தால் எப்படியும் ஒரு மாமியோ ஆன்ட்டியோ அகப்படுவார். குளிர்ப் பிரதேசத்தில் வேலை பார்த்துத் திரும்பியவராகவோ, பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தவராகவோ இருப்பார். “எனக்கு எல்லாம் மறந்துவிட்டது, அம்மா” என்பார். ஊசியைக் கையில் கொடுத்ததும் விரல்கள் தாமாக ஓடும். குரோஷே போடுபவர்கள் இங்கே இன்னும் அதிகம். சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் பல ஊர்களிலிருந்து வந்த துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். குரோஷேக்காரர்களுக்கு ஒரு கொக்கி ஊசி, நமக்கு இரண்டு நேர் ஊசி என்பதைத் தவிர, நூல் வாங்கும் பைத்தியம் இரு தரப்பாருக்கும் ஒன்றுதான். கூடி உட்காரும் இடங்களில் ஒரே ஒரு மரியாதை: வரிசையை எண்ணிக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

படி 5: கண்ணி இறக்குதல்

நாற்பதாவது மேடு வந்ததும், இரண்டு கண்ணிகளைப் பின்னுங்கள். வல ஊசியில் முதலில் வந்ததை இட ஊசி முனையால் தூக்கி, இரண்டாவதன் மேலாகக் கடத்திக் கீழே விடுங்கள். ஒன்று மிஞ்சும். இன்னொன்று பின்னி, மறுபடி கடத்துங்கள். இங்கே கை இறுகினால் சதுரத்தின் மேல்விளிம்பு சுருங்கிவிடும், அதனால் வலக்கையில் மட்டும் ஒரு சுற்றுப் பெரிய ஊசியை (7-ஆம் நம்பர், 4.5 மி.மீ.) வைத்துக்கொள்வது உத்தமம். கடைசிக் கண்ணியில் நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, அதன் வழியே முனையை இழுத்துவிடுங்கள்.

தொங்கும் முனைகளை மொட்டை ஊசியில் கோத்து, மேடுகளின் ஊடாக ஒரு பக்கம் கொஞ்சத் தூரம் போய், திரும்பி எதிர்ப்பக்கமும் சிறிது வாருங்கள். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டினால் இரண்டு சலவையில் அவிழும். அக்ரிலிக்கை இஸ்திரி போடாதீர்கள். சூட்டில் தளர்ந்து உயிரற்றுப் போகும். நனைத்து, பிழியாமல் துண்டில் அமுக்கி, தட்டையாகக் காயவைத்தால் வடிவம் தானாக அமையும்.

இப்படி இருபது சதுரம் சேர்ந்தால் 80-க்கு 100 செ.மீ. அளவில் குழந்தைப் போர்வை ஒன்று தேறும். ஏறக்குறைய அரைக் கிலோ நூல் வேண்டும் என்பதால் மொத்தமாக வாங்கிவிடுங்கள். இணைக்கும்போது ஒரு சதுரத்தின் கோடுகள் கிடையாகவும் அடுத்ததன் கோடுகள் நெடுக்காகவும் வரும்படி மாற்றி மாற்றி வைத்து ஓரங்களைச் சேர்த்துத் தையுங்கள். ஒன்று கொஞ்சம் பெரிது, ஒன்று கொஞ்சம் சிறிது என்பது அந்த அடுக்கில் கண்ணில் படாது.