'மட்டும்' ஒட்டுகிற இடத்தில் 'ஒன்லி', தராசின் இரண்டு தட்டிலும் ஒரே சரக்கு

கோத்தகிரியை அடுத்த கட்டபெட்டுப் பக்கம், ஒரு டீ பேக்டரி ஆபீஸில் 28 வருஷம் ஆங்கிலக் கடிதம் டைப் அடித்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், நவம்பர் மழையில், சரக்கு வாங்குகிறவருக்கு இப்படி ஒரு வரி எழுதினேன்: 'வீ ஹேவ் ஒன்லி பேக்ட் தி ஃபார்ட்டி பேக்ஸ் ஆஃப் டஸ்ட்.'

டஸ்ட் கிரேடு, அதாவது பொடி டீத்தூள், 40 மூட்டை மட்டும் தயார், லாரி அனுப்பினால் ஏற்றிவிடலாம், மற்ற கிரேடு பிறகு வரும் என்று நான் சொல்ல நினைத்தேன். அவர் வேறு மாதிரி படித்தார். மூட்டை கட்டியது மட்டும்தான் முடிந்திருக்கிறது, எடையும் இன்வாய்ஸும் இன்னும் ஆகவில்லை என்று எடுத்துக்கொண்டார். லாரி வரவில்லை. டீத்தூள் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐந்து நாள் மழையில் கோடவுனில் கிடந்த அந்த மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தபோது வாசனை மங்கியிருந்தது. மேனேஜர் கார்பன் காப்பியை என் முன்னால் வைத்து, 'ஒன்லி' மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார். அந்த வட்டத்தை நான் மறக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்குக் கடிதங்களோடு வருகிறார்கள். வேலை விண்ணப்பம், பேங்குக்கு மனு, ஹோம்ஸ்டே வாசலில் வைக்கிற போர்டு, எல்லாம் வரும். ஸ்பெல்லிங்கை போனே திருத்திவிடுகிறது. ஆனால் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 'ஒன்லி', 'ஆல்மோஸ்ட்' மாதிரிச் சொற்கள் இடம் மாறி உட்காருவது ஒன்று. பொருந்தாத இரண்டை ஒப்பிடுவது இன்னொன்று. நம் பிள்ளைகளுக்கு இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் திருத்துவது சுலபம்.

தமிழில் 'மட்டும்', 'தான்', 'கூட' எல்லாம் தாம் குறிக்கிற சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டே வரும். '40 மூட்டை மட்டும் வெள்ளிக்கிழமை அனுப்பினோம்' என்று சொல்லுங்கள், 'வெள்ளிக்கிழமை 40 மூட்டை மட்டும் அனுப்பினோம்' என்று சொல்லுங்கள். வரிசை மாறினாலும் பொருள் மாறாது. மூட்டையோடு ஒட்டிய 'மட்டும்' மூட்டையோடுதான் இருக்கும். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, 'ஒன்லி'யை எங்கே வைத்தாலும் சரி என்று தோன்றிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த ஒட்டு கிடையாது. சொல் நிற்கிற இடம்தான் அங்கே ஒட்டு.

அதனால் நான் சொல்லிக்கொடுக்கிற வழி இது. எழுதப்போகும் வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'மட்டும்' எந்தச் சொல்லோடு ஒட்டுகிறது என்று கவனியுங்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நேர் முன்னால் 'ஒன்லி'யை வையுங்கள். தமிழில் பின்னால் ஒட்டுவது ஆங்கிலத்தில் முன்னால் நிற்கும், அவ்வளவுதான்.

என் பழைய கடிதத்தின் 40 மூட்டையையே எடுத்துக்கொள்வோம். 'ஒன்லி வீ சென்ட் ஃபார்ட்டி பேக்ஸ் ஆன் ஃப்ரைடே' என்றால் நாங்கள் மட்டும் அனுப்பினோம், வேறு எந்த பேக்டரியும் அனுப்பவில்லை. 'வீ சென்ட் ஒன்லி ஃபார்ட்டி பேக்ஸ் ஆன் ஃப்ரைடே' என்றால் 40 மூட்டை மட்டும், அதற்கு மேல் இல்லை. 'வீ சென்ட் ஃபார்ட்டி பேக்ஸ் ஒன்லி ஆன் ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமை மட்டும், மற்ற நாளில் இல்லை. 'வீ ஒன்லி சென்ட்' என்று வினைக்கு முன்னால் வைத்தால், படிக்கிறவர் தனக்குத் தோன்றியபடி எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் இப்படி வைப்பதை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். பேசும்போது எந்தச் சொல்லை அழுத்துகிறார்களோ அதில் பொருள் விளங்கிவிடும். கடிதத்துக்குக் குரல் இல்லை. அதனால் எழுத்தில் அந்த இடத்தைத் தவிருங்கள்.

இன்னொரு உதாரணம் நம் மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை பாதை சுமார் 46 கிலோமீட்டர். அதில் தண்டவாளத்தின் நடுவே பல்லுப் பல்லாக இரும்புச் சட்டம் (அதுதான் 'ராக்') போட்டிருப்பது கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டும். அங்கேதான் ஏற்றம் 12 அடிக்கு 1 அடி. சுற்றுலாப் பயணிகளுக்கு நோட்டீஸ் எழுதிய ஒரு தம்பி, 'தி டிரெய்ன் ஒன்லி யூசஸ் தி ராக் பிட்வீன் கல்லார் அண்ட் குன்னூர்' என்று எழுதியிருந்தான். அங்கே ரயில் ராக்கைத் தவிர வேறு எதையும் பயன்படுத்துவதில்லை என்றும் இதைப் படிக்கலாம். "தமிழில் சொல்லுப்பா" என்றேன். "கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவுல மட்டும்க்கா" என்றான். சரி, 'மட்டும்' 'நடுவுல'யோடு ஒட்டிவிட்டது. 'தி டிரெய்ன் யூசஸ் தி ராக் ஒன்லி பிட்வீன் கல்லார் அண்ட் குன்னூர்.' பேனாவை அவனிடம் கொடுத்தேன், அவனே மாற்றி எழுதினான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'ஹி இஸ் இன் குன்னூர் ஒன்லி', 'ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி' என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். அந்த 'ஒன்லி' நம்முடைய 'தான்'. குன்னூரில்தான் இருக்கிறார், நேற்றுதான் வந்தேன். வெளியூர்க்காரர் அதை 'மட்டும்' என்றே படிப்பார். 'நேற்றுதான்' என்பதற்கு 'ஒன்லி யெஸ்டர்டே' பொருந்தும். 'குன்னூரில்தான்' என்பதற்கு 'ஒன்லி' தேவையே இல்லை, 'ஹி இஸ் இன் குன்னூர்' போதும். 'நேற்றுதான்' மாதிரிக் காலம் சொல்கிற இடத்தை விட்டுவிட்டு, மற்ற இடங்களில் 'தான்' என்பதை 'மட்டும்' என்று மாற்றிப் பார்த்தால் வாக்கியம் கெடுகிறதா? அப்படியானால் அங்கே 'ஒன்லி' எழுதாதீர்கள்.

'ஆல்மோஸ்ட்', 'நியர்லி' இரண்டுக்கும் இதே விதிதான். ஆனால் இவை செய்கிற சேதம் பெரிது. ஒரு ஜனவரி மாதம் உறைபனியில் தோட்டம் கருகிப்போன ஒருவர் நிவாரணம் கேட்டு மனு எழுதி வந்தார். 'வீ ஆல்மோஸ்ட் லாஸ்ட் ஆல் தி லீஃப்' என்று இருந்தது. படித்ததும் எனக்குப் பகீர் என்றது. இலை போயிருக்கும், ஆனால் போகவில்லை, தப்பித்துவிட்டோம் என்று அதற்குப் பொருள். ஒன்றும் இழக்காதவருக்கு யார் நிவாரணம் கொடுப்பார்கள்? 'வீ லாஸ்ட் ஆல்மோஸ்ட் ஆல் தி லீஃப்' என்று ஒரு சொல்லை நகர்த்தினோம். இப்போது இலையெல்லாம் அநேகமாகப் போய்விட்டது என்று சரியாக வந்துவிட்டது. 'கிட்டத்தட்ட' எதைச் சேர்ந்தது, இழந்ததையா, எல்லாவற்றையுமா என்று கேட்டுப் பாருங்கள். எதைச் சேர்ந்ததோ அதன் முன்னால் 'ஆல்மோஸ்ட்' போக வேண்டும்.

சில சொற்கள் இரண்டு பக்கமும் பார்த்து நிற்கும். 'விசிட்டர்ஸ் ஹூ கம் ஹியர் ஆஃபன் பை டீ.' அடிக்கடி வருகிறவர்கள் டீ வாங்குகிறார்களா, வருகிறவர்கள் அடிக்கடி டீ வாங்குகிறார்களா? நடுவில் நிற்கிற 'ஆஃபன்' இரண்டு வினைக்கும் கை நீட்டுகிறது. முதல் பொருள் வேண்டுமென்றால் 'விசிட்டர்ஸ் ஹூ ஆஃபன் கம் ஹியர் பை டீ'. இரண்டாவது என்றால் 'விசிட்டர்ஸ் ஹூ கம் ஹியர் பை டீ ஆஃபன்'.

'நாட்' விஷயத்தில் மட்டும் என் தமிழ்ச் சோதனை உதவாது, ஏனென்றால் தமிழிலேயே அங்கே குழப்பம் இருக்கிறது. 'எல்லா மூட்டையும் நனையவில்லை' என்றால் ஒன்றுகூட நனையவில்லையா, சிலது நனைந்து சிலது நனையவில்லையா? 'ஆல் தி பேக்ஸ் ஆர் நாட் வெட்' என்பதிலும் அதே குழப்பம் அப்படியே வந்து உட்காரும். சிலது நனைந்திருந்தால் 'நாட் ஆல் தி பேக்ஸ் ஆர் வெட்' என்று எழுதுங்கள். ஒன்றுமே நனையவில்லை என்றால் 'நன் ஆஃப் தி பேக்ஸ் இஸ் வெட்'. எத்தனை மூட்டை என்று எண்ணைப் போட்டுவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

அப்புறம் ஒப்பிடுவது. இனி வரும் 'தேன்' எல்லாம் நம் 'விட'வுக்கு ஆங்கிலத்தில் எழுதுகிற சொல்.

கொழுந்து எடை போடுகிற இடத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சாக்கோடு நிறுத்தாலும் சாக்கு எடையைக் கழிப்பார்கள், மழை நாளில் ஈரத்துக்கும் கழிப்பார்கள். இலைக்குத்தான் காசு. 'தேன்' என்ற சொல்லைத் தராசு முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். இடது தட்டில் என்ன இருக்கிறதோ அதே வகைச் சரக்குதான் வலது தட்டிலும் இருக்க வேண்டும்.

'தி கிளைமேட் ஆஃப் கோத்தகிரி இஸ் மைல்டர் தேன் ஊட்டி.' இடது தட்டில் தட்பவெப்பம், வலது தட்டில் ஊட்டி என்கிற ஊரே உட்கார்ந்திருக்கிறது. நாம் தமிழில் 'ஊட்டியைவிட கோத்தகிரியில் குளிர் குறைவு' என்று சொல்லிப் பழகியவர்கள். 'விட' ஊர்ப் பெயரோடு ஒட்டினாலும் நமக்கு ஒன்றும் உறுத்துவதில்லை. அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் ஊரை மட்டும் வைத்துவிடுகிறோம். 'தேன் தட் ஆஃப் ஊட்டி' என்று எழுதினால் தட்டு சமமாகும். பன்மை என்றால் 'தோஸ்'. ஆர்தொடாக்ஸ் என்பது இலையைச் சுருட்டிச் செய்கிற டீ, சி.டி.சி. என்பது நொறுக்கிக் குருணையாகச் செய்கிற டீ. 'தி பிரைசஸ் ஆஃப் ஆர்தொடாக்ஸ் டீ ஆர் ஹையர் தேன் சி.டி.சி.' என்பதில் விலையையும் டீயையும் ஒப்பிட்டுவிட்டோம். 'தேன் தோஸ் ஆஃப் சி.டி.சி.' என்று வர வேண்டும். குன்னூர் டீ ஏலத்துக்கு நான் எழுதிய கடிதங்களில் இந்த 'தோஸ் ஆஃப்' எத்தனை முறை வந்திருக்கும் என்று எண்ண முடியாது.

அடுத்தது 'அதர்'. இதற்குத் தொட்டபெட்டாவைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 2,637 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமான சிகரம். 'தொட்டபெட்டா இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் தமிழ்நாடு' என்று நோட்டீஸில் போடுகிறார்கள். தொட்டபெட்டாவும் தமிழ்நாட்டில்தானே இருக்கிறது? அப்படியென்றால் அது தன்னைவிடவும் உயரம் என்று ஆகிவிடும். 'தேன் எனி அதர் பீக் இன் தமிழ்நாடு' என்று எழுத வேண்டும். ஒப்பிடப்படுகிற கூட்டத்துக்கு உள்ளே அது இருந்தால் 'அதர்' வேண்டும், வெளியே இருந்தால் வேண்டாம். 'தேன் எனி பீக் இன் கர்நாடகா' என்பது 'அதர்' இல்லாமலே சரி. கேரளாவைப் போட்டால் இலக்கணம் சரியாக இருக்கும், செய்திதான் தப்பு. அங்கே ஆனைமுடி 2,695 மீட்டர்.

'ஷி ட்ரஸ்ட்ஸ் தி புரோக்கர் மோர் தேன் மீ.' என்னை நம்புவதைவிட அவரை அதிகம் நம்புகிறாளா, நான் நம்புவதைவிட அதிகமாக அவள் அவரை நம்புகிறாளா? 'தேன் ஷி ட்ரஸ்ட்ஸ் மீ', 'தேன் ஐ டூ' என்று வினையையும் சேர்த்து முடித்துவிடுங்கள். ஒரு சொல் கூடினால் பரவாயில்லை.

சின்னச் சின்னதாக இன்னும் சில. 'மோர் பெட்டர்', 'மோர் கூலர்' கூடாது, 'பெட்டர்', 'கூலர்' என்றாலே கூடுதல் வந்துவிட்டது. 'ஆஸ் குட் ஆர் பெட்டர் தேன்' என்பதில் ஓர் 'ஆஸ்' விழுந்துவிட்டது, 'ஆஸ் குட் ஆஸ், ஆர் பெட்டர் தேன்' என்று எழுதுங்கள். 'சீனியர்', 'சுப்பீரியர்', 'ப்ரிஃபர்' மூன்றுக்கும் 'தேன்' வராது, 'டு' வரும். 'ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி.' வெறுமனே 'திஸ் டீ இஸ் பெட்டர்' என்று நிறுத்தினால் எதைவிட என்று படிக்கிறவர் கேட்பார், அதற்கும் பதில் எழுதுங்கள்.

போன வாரம் ஒரு தம்பி ஹோம்ஸ்டே போர்டுக்கு எழுதி எடுத்து வந்தான்: 'தி ரூம்ஸ் ஹியர் ஆர் மோர் சீப்பர் தேன் ஊட்டி. வீ ஒன்லி சர்வ் ஹோம் ஃபுட் டு கெஸ்ட்ஸ்.' முதல் வரியை அவனே பார்த்ததும் சிரித்துக்கொண்டு 'மோர்' மேல் கோடு போட்டான். வலது தட்டில் ஊர் இருக்கிறது என்று காட்டியதும் 'தேன் தோஸ் இன் ஊட்டி' என்று மாற்றினான். இரண்டாவது வரியில் நான் கேட்டேன்: "வீட்டுச் சாப்பாடு மட்டுமா, தங்குகிறவர்களுக்கு மட்டுமா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "சாப்பாடு மட்டும்க்கா, வீட்டுச் சாப்பாடு மட்டும்தான். வெளியாளும் வந்து சாப்பிடலாம், அம்மா யாரையும் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

அப்படியானால் 'டு கெஸ்ட்ஸ்' அங்கே இருக்கவே கூடாது. அதை அடித்துவிட்டு 'வீ சர்வ் ஒன்லி ஹோம் ஃபுட். எவ்ரிஒன் இஸ் வெல்கம்.' என்று எழுதிக்கொண்டு, பெயிண்டர் கடை சாத்துவதற்குள் போக வேண்டும் என்று இறங்கி ஓடினான்.