தாய்ப்பூனையும் பிறந்த குட்டிகளும் வீட்டுக்கு வந்தால்: முதன்முறை ஃபாஸ்டர் செய்பவர்களுக்கு

பூனைகள் குட்டி போடும் பருவம் வந்தால் விலங்குக் காப்பகங்களில் இடம் போதாது. வளர்ந்த பூனைகள் கூண்டில் எப்படியாவது சமாளித்துவிடும், பிறந்த குட்டிகளால் முடியாது, பக்கத்துக் கூண்டில் ஒரு பூனைக்குச் சளி பிடித்தாலே இவற்றுக்கு ஆபத்து. அதனால்தான் குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆட்களைத் தேடுகிறார்கள், இதைத்தான் ஃபாஸ்டர் செய்வது என்கிறார்கள். குட்டிகளை வளர்க்கப்போவது தாய்தான், நாம் அந்தத் தாயைப் பார்த்துக்கொள்ளப் போகிறோம். முதலில் இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை எளிதாகிவிடும்.

1. ஒப்புக்கொள்வதற்கு முன் கேளுங்கள்

மருத்துவச் செலவு யாருடையது, நடுராத்திரியில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது, குட்டிகளுக்கு வீடு தேடுவது யார், எதுவரை நம்மிடம் இருக்கும். இந்த நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை. வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் பூனையின் மலத்தை அவர்கள் அள்ளக்கூடாது, அந்த வேலையை வேறொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. அறையைத் தயார் செய்யுங்கள்

கதவு மூடக்கூடிய சின்ன அறை போதும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் குறைந்தது இரண்டு வாரம் இரண்டு தரப்பும் சந்திக்கவே கூடாது, தட்டு கிண்ணம் எல்லாம் தனித்தனி, அந்த அறைக்குள் போய்வந்ததும் கைகழுவ வேண்டும். பூனைகளுக்கு வரும் பார்வோ வகை வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும், குட்டிகளைக் கூட்டத்தோடு கொன்றுவிடும். இதில் மட்டும் சலுகையே வேண்டாம்.

பெட்டி பெரிதாக, தாய் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் வாசல் வெட்டி, உள்ளே பழைய துணி விரியுங்கள். நூல் பிரிந்த துண்டு வேண்டாம், நகம் மாட்டிக்கொள்ளும். முதல் வாரம் குட்டிகள் படுக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை கதகதப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவற்றுக்குக் குளிரில் நடுங்கக்கூடத் தெரியாது. வெந்நீர்ப் பை வைப்பதானால் துணி சுற்றி, பெட்டியின் பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபாதிக்கு ஊர்ந்துபோக இடம் வேண்டுமே.

3. முதல் சில நாட்கள் தாயைத் தொந்தரவு செய்யாதீர்கள்

பூனை பயந்தால் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு இடம் மாற்றும், நாம் எட்டிப்பார்க்கப் பார்க்க அது ஒவ்வொரு மூலையாகத் தேடும். சாப்பாடு வைக்க, மலத் தட்டைச் சுத்தம் செய்ய, எடை பார்க்க என்று மட்டும் உள்ளே போங்கள். நண்பர்களைக் கூட்டி வந்து காட்டுவது பிறகு ஆகட்டும். மனிதர் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படியெல்லாம் இல்லை.

தாய்க்குச் சாப்பாட்டில் அளவு பார்க்காதீர்கள். பால் கொடுக்கும் பூனை வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பிடும், குட்டிப்பூனைகளுக்கென்று விற்கும் உணவையே தாய்க்கும் கொடுக்கலாம், அதில்தான் சத்து அதிகம். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மலத் தட்டை மட்டும் சாப்பாட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

4. தினமும் எடை பாருங்கள்

எனக்கு இதைவிட முக்கியமான படி வேறு இல்லை. கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள், ஒவ்வொரு குட்டிக்கும் ஓர் அடையாளம் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் எடை எடுத்து நோட்டில் எழுதுங்கள். பிறந்த குட்டி பெரும்பாலும் 100 கிராமை ஒட்டி இருக்கும், நாளுக்குச் சுமார் 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். நோய்வாய்ப்பட்ட குட்டி வெளியில் பார்க்க நன்றாகவே இருக்கும், தராசுதான் முதலில் சொல்லும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் கவனியுங்கள், குறைந்தால் அன்றே காப்பகத்துக்கோ மருத்துவருக்கோ சொல்லுங்கள், நாளை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், இந்த வயதில் சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகிவிடும்.

நன்றாக இருக்கும் குட்டிகள் வயிறு நிறைந்து, குவியலாகத் தூங்கும். ஒன்று மட்டும் தள்ளிக் கிடந்தாலும், விடாமல் கத்தினாலும், வாய்க்குள் தொட்டால் சில்லென்று இருந்தாலும் கவலைப்பட வேண்டியதுதான். குளிர்ந்துபோன குட்டிக்கு உடனே பால் புகட்டாதீர்கள், அந்த வயிற்றுக்குச் செரிக்காது. முதலில் உங்கள் உடம்போடு அணைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள், அப்புறம்தான் பால்.

தாயையும் தினமும் ஒருமுறை பாருங்கள். முலைக்காம்பைச் சுற்றிச் சிவந்து, சூடாக, கட்டியாக இருந்தால் மருத்துவர் வேண்டும். பிறப்புறுப்பிலிருந்து நாற்றமில்லாத பழுப்புச் சிவப்புக் கசிவு கொஞ்ச நாள் இருக்கலாம், நாற்றம் வந்தால் அது தொற்று. தாய் நடுங்குகிறது, விறைத்து நடக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிப்போயிருக்கலாம், அது அவசரம், எந்நேரமானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நாமாக எந்த மருந்தும் கொடுக்கக்கூடாது. பாராசிட்டமால் பூனையைக் கொல்லும். நாய்களுக்கான தெள்ளுப்பூச்சி மருந்தில் இருக்கும் பெர்மெத்ரினும் அப்படித்தான். பச்சைக் குட்டிகள் மேல் தெள்ளு இருந்தால் சின்னப் பல் சீப்பால் வாரி எடுங்கள்.

5. தாய் இல்லாவிட்டால்

தெருவில் தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்ததும் தூக்காதீர்கள், தாய் இரை தேடப் போயிருக்கலாம், தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் வரவே இல்லை என்றால், அல்லது குட்டி குளிர்ந்தோ காயப்பட்டோ இருந்தால், நீங்கள்தான் தாய். பசும்பால் கூடாது, பூனைக்குட்டிகளுக்கான பால் பவுடரைக் கலக்குங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. குட்டி நான்கு காலும் கீழே இருக்கும்படி குப்புறப் படுத்துதான் குடிக்க வேண்டும், மல்லாத்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் வாலுக்கு அடியில் மெல்லத் தடவிச் சிறுநீரும் மலமும் கழிக்க வையுங்கள், தாய் நக்கி அதைத்தான் செய்யும். வேலைக்குப் போகிறவர்கள் முதன்முறையிலேயே இதை ஏற்க வேண்டாம், தாயோடு வரும் குட்டிகளில் தொடங்குங்கள்.

6. கண் திறந்த பிறகு

ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் கண் திறக்கும், நாமாகப் பிரிக்கக் கூடாது. இரண்டாவது வாரத்திலிருந்து குடற்புழு மருந்து, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, இரண்டும் மருத்துவர் சொல்கிறபடி. மூன்றாவது வாரம் பல் முளைக்கும், மலம் கழிக்கத் தாழ்ந்த விளிம்புள்ள தட்டில் மண் வையுங்கள், ஈரம் பட்டால் கட்டியாகும் வகை வேண்டாம், குட்டிகள் அதைத் தின்று பார்க்கும். நான்காவது வாரம் குழைத்த உணவு தொடங்கலாம், மேலேறி மிதித்து உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும், பரவாயில்லை.

இரண்டிலிருந்து ஏழாவது வாரம்வரை குட்டிகள் மனிதரோடு பழகும் காலம். தினமும் கையில் எடுங்கள், பாதம், காது, வாய் எல்லாம் தொட்டுப் பழக்குங்கள், வீட்டுச் சத்தமும் காதில் விழட்டும். பயமில்லாத குட்டிக்கு வீடு கிடைப்பது எளிது.

7. தாயை மறக்காதீர்கள்

குட்டிகளுக்கு உடனே ஆள் வந்துவிடும், தாய்தான் கடைசியில் தனியாக நிற்கும், அதற்கும் வீடு தேடச் சொல்லி இப்போதிலிருந்தே கேளுங்கள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மறுபடி கருத்தரிக்கும், அதனால் வெளியே விடாதீர்கள். குட்டிகள் பால் மறந்து மடி வற்றியதும் கருத்தடை செய்துவிடலாம், அதற்கான தேதியை ஐந்தாவது வாரமே காப்பகத்திடம் கேட்டு வாங்குங்கள். அறுவை சிகிச்சைப் புண் ஆறும்வரை தாயை உங்களிடமே வைத்துக்கொள்ள முடிந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.