காய்ச்சல் விட்ட பிறகு ஒரு கால் மட்டும் வீங்கினால்

போன ஐப்பசி மழையில் பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். கொரோனா காய்ச்சல் விட்டுப் பத்து நாள். இடது ஆடுசதை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தது. "படுத்தே கிடந்ததுல நரம்பு இழுத்துக்கிச்சு டாக்டர், மூணு நாளா தைலம் போட்டு உருவிவிடுறோம்" என்றார் மகள். தையல் டேப்பால் முட்டிக்குக் கீழே ஒரே உயரத்தில் இரண்டு கால்களையும் அளந்தேன். வலது 34 செ.மீ., இடது 38. வித்தியாசம் 3 செ.மீ.யைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் (ஆழ்சிரை) ரத்தக்கட்டி தெரிந்தது. உருவும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து. ஒற்றைக்கால் வீக்கத்தைத் தயவுசெய்து தேய்க்காதீர்கள்.

அடுத்த தவறு, டி-டைமர் (ரத்தக்கட்டி கரையும்போது ரத்தத்தில் வரும் துணுக்கை அளக்கும் பரிசோதனை) ரிப்போர்ட்டை மட்டும் வைத்துப் பயப்படுவது. காய்ச்சல், கர்ப்பம், முதுமை, அறுவை சிகிச்சை எல்லாவற்றிலும் அது ஏறும். ஒரு லேப் மைக்ரோகிராமில் 0.9 என்று தரும், இன்னொன்று நானோகிராமில் 900 என்று தரும்; இரண்டும் ஒன்றுதான். ஒரே நாளில் ஆயிரம் மடங்கு ஏறிவிட்டதாக நினைத்து அழுத குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் குறைவாக இருந்து, அளவும் இயல்பாக இருந்தால் கட்டி இல்லை என்று சொல்ல அந்தப் பரிசோதனை உதவும். சந்தேகம் பலமாக இருந்தால் அதற்காகக் காத்திருக்காமல் காலுக்கு டாப்ளர், நுரையீரலுக்கு சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்).

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. ரத்தம் உறையக்கூடாது என்று மருந்துக்கடையில் தாமாகவே ஆஸ்பிரின் வாங்கிப் போடுகிறார்கள். சென்னையில் மழைக்காலம் டெங்குவுக்கும் காலம். முதல் இரண்டு மூன்று நாள் எந்தக் காய்ச்சல் என்றே தெரியாது. டெங்குவில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறையும்போது ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மூன்றும் ரத்தக்கசிவைத் தூண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஸ்டென்ட் வைத்து ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது, டாக்டரைக் கேளுங்கள்.

கட்டி உறுதியானால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியோ வேறு மாத்திரையோ தருவோம். எடையும் சிறுநீரகமும் பார்த்துத்தான் ஊசியின் அளவு. வீக்கம் வடிந்ததும் பலர் மூன்றாவது வாரமே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது 3 மாதம் வேண்டும். அந்த மாத்திரைகளில் ஒன்றான வார்ஃபரின் சாப்பிட்டால் கீரையை ஒதுக்க வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிடுங்கள்.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம் என்றால் 108-ஐ அழையுங்கள். காய்ச்சல் வந்து எத்தனை நாள், எந்தக் கால் வீங்கியிருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.