அசல் தோலா என்று பார்ப்பது எப்படி

கடைக்காரர் லைட்டரால் சுட்டுக் காட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள், வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: அசல் தோலில் நார் நாராகப் பிசிறு தெரியும், ரெக்சினில் அடியில் துணி தெரியும். அப்புறம் விரலால் அழுத்துங்கள், அசல் தோலில் மெல்லிய சுருக்கம் விழும்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பதனிடுவது பெரும்பாலும் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும்தான். ஆட்டுத்தோல் மெல்லியது, பர்ஸுக்கும் ஷூவின் உள்பக்கத்துக்கும் சரி, ஆனால் பெல்ட்டுக்கு மாடு அல்லது எருமைத்தோல்தான் தாங்கும்.

முன்பெல்லாம் ஆவாரம்பட்டையில் ஊறவைப்பார்கள். பட்டையில் பதனிட்டது பழுப்பாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும், குரோம் உப்பில் பதனிட்டதோ மெத்தென்று இருக்கும், சாயம் உள்வரை ஏறாவிட்டால் வெட்டிய இடத்தில் நீலச் சாம்பல் தெரியும்.

தோல் ஷூவோ பையோ மழையில் நனைந்தால் வெயிலில் வைக்காதீர்கள், உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள்.