கீமோ நாட்களில் காய்ச்சல் அடித்தால்

கீமோதெரபி எடுப்பவர் வீட்டில் முதலில் வாங்கிவைக்க வேண்டியது ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். நெற்றியில் கைவைத்துப் பார்த்து, "லேசா சுடுது, அவ்வளவுதான்" என்பதெல்லாம் இங்கே ஆகாது.

மருந்து ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை, பொதுவாக ரத்தத்தில் கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்கள் ரொம்பக் குறைந்திருக்கும் (மருந்துக்கு மருந்து கொஞ்சம் மாறும்). அப்போது கிருமி தொற்றினால் சீழ், வீக்கம் எதுவும் தெரியாமலே போகலாம். காய்ச்சல் மட்டும்தான் அடையாளமாக இருக்கும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நடுராத்திரியானாலும் விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். குளிர்நடுக்கம் எடுத்தால், அளவு குறைவாகக் காட்டினாலும் அப்படித்தான்.

பலரும் செய்யும் தப்பு, உடனே ஒரு பாராசிட்டமால் போடுவது. காய்ச்சல் இறங்கிவிடும், தொற்று உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள். காபி குடித்த கையோடு தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்தாலும் கணக்கு தப்பும்; அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

அம்மாவுக்கு சிகிச்சை நடந்தபோது, மருந்தின் பெயர், கடைசி கீமோ தேதி, டாக்டர் நம்பர் மூன்றையும் பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதி ஃபைலுக்கு முன்னால் செருகியிருந்தோம். அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் முதலில் கேட்டதே அந்தத் தேதியைத்தான். உள்ளே நுழைந்ததுமே "கீமோ பேஷண்ட், காய்ச்சல்" என்று சொல்லிவிடுங்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார வேண்டாம்.