மார்பக நீக்கத்துக்குப் பின் நீர் தேங்காதிருக்க: தோல் மடலை மார்புச் சுவரோடு தைக்கும் முறை

மார்பகத்தை முழுவதுமாக அகற்றிய பின், மேலும் கீழுமாகப் பிரித்தெடுத்த தோல் மடல்களுக்கும் மார்புச் சுவர்த் தசைக்கும் நடுவே ஓர் இடைவெளி எஞ்சுகிறது. அறுபட்ட நிணநீர் நாளங்களிலிருந்து கசியும் நீர் அங்கே சேர்வதைத்தான் சீரோமா என்கிறோம். அக்குள் நிணநீர்க் கணுக்களையும் அகற்றினால் இத்தொல்லை கூடும். உயிருக்கு ஆபத்தில்லை என்று இதை லேசாக எடுத்துக்கொள்வது தவறு; ஊசியால் நீரை எடுக்கப் பலமுறை மருத்துவமனைக்கு வர நேரிடுவதோடு, தொற்று ஏற்பட்டால் கீமோதெரபியும் கதிர்வீச்சும் தள்ளிப்போகும்.

டிரெயின், அதாவது நீரை வடிக்கும் குழாய், வைத்தாலே போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சேர்ந்த நீரை அது வெளியேற்றும். ஆனால் மூச்சுவிடும்போதும் கையை உயர்த்தும்போதும் மடல் தசைமேல் வழுக்குவதை அது தடுப்பதில்லை. மெத்தைக்குள் பஞ்சு நகராதபடி இடையிடையே தைப்பதுபோல மடலைத் தசையோடு பிணைத்துவிட்டால், இடைவெளியும் மூடும், உரசலும் நிற்கும். நெதர்லாந்திலும் பிரான்சிலும் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் இம்முறையின் பயனை உறுதிப்படுத்தியுள்ளன.

தைக்கும் முன் இரத்தக் கசிவை முழுமையாக நிறுத்த வேண்டும். திசுவைச் சுட்டு இரத்தக் கசிவை நிறுத்தும் காட்டரி கருவியைத் தேவைக்கு மேல் பயன்படுத்தினால் கொழுப்பு கருகி, கசிவு அதிகமாகும். அக்குளில் கண்ணுக்குத் தெரியும் நாளங்களைக் கட்டுவதோ கிளிப் போடுவதோ நல்லது. டிரெயின் வைப்பதாக இருந்தால் அதை முதலிலேயே வைத்து, ஊசி அதில் மாட்டாதபடி கவனிக்க வேண்டும்.

தானாகக் கரையும் விக்ரில் தையல் நூல், 2-0 அல்லது 3-0 தடிமன் அளவில், ஏற்றது. மேல் மடலில், வெட்டு விளிம்பிலிருந்து மிகத் தொலைவிலுள்ள ஆழமான பகுதியில் தொடங்குங்கள். மடலின் உட்புறத்திலுள்ள கொழுப்புத் திசுவை ஊசி பிடிக்க வேண்டும், தோலின் உள்ளடுக்கைத் தொடக் கூடாது. பிறகு மடலை வெட்டு விளிம்பை நோக்கிச் சற்றே இழுத்துப் பிடித்து, பெக்டோராலிஸ் என்னும் மார்புத் தசையின் மேற்பரப்பில் ஆழமில்லாத ஒரு தையல் போடுங்கள். இப்படி இழுத்துத் தைக்கும்போது இழுவிசை பல தையல்களில் பகிரப்படுவதால், கடைசியில் விளிம்புகள் சிரமமின்றி ஒன்றுசேரும். ஏறத்தாழ 2 முதல் 3 செ.மீ. இடைவெளியில், வரிசை வரிசையாக விளிம்பு வரை வந்து, கீழ் மடலையும் அவ்வாறே தைக்க வேண்டும். முடிச்சு இரு பரப்புகளையும் தொடவைத்தால் போதும். இறுக்கினால் கொழுப்புத் திசு இரத்த ஓட்டமின்றி மடியும். ஒவ்வொரு முடிச்சுக்கும் பிறகு தோலைப் பாருங்கள்: ஆழமான குழி விழுந்திருந்தால் அந்தத் தையலை வெட்டிவிட்டு மீண்டும் போடுங்கள். தொடர் தையல் வேகமானது என்றாலும், பழகும் காலத்தில் தனித்தனித் தையலையே பரிந்துரைப்பேன், பிழையானதை மட்டும் மாற்ற முடியும் என்பதால்.

மிகுந்த நிதானம் வேண்டிய இடம் அக்குள். பக்கவாட்டு மடலை விலாப் பக்கத்திலுள்ள செராட்டஸ் தசை உறையோடும் முதுகிலிருந்து வரும் லட்டிசிமஸ் தசையின் முன்விளிம்போடும் பிணைக்கலாம். ஆனால் அக்குள் சிரையையும், செராட்டஸ் தசைக்குச் செல்லும் லாங் தொராசிக் நரம்பையும், லட்டிசிமஸ் தசைக்குச் செல்லும் தொராகோடார்சல் நாள நரம்புக் கொத்தையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்யாமல் அங்கே ஊசியை நுழைக்கவே கூடாது. மெலிந்த பெண்களுக்கு விலா இடுக்கில் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரல் உறை கிழியும் அபாயமும் உண்டு. மடல் மிக மெல்லியதாகவோ நிறம் மங்கியோ இருந்தால் தையல்களைக் குறைத்துக்கொள்வதே முறை.

மார்பில் இழுப்பதுபோன்ற உணர்வும் சிறு குழிகளும் சில வாரங்கள் இருக்கலாம் என்பதையும், நூல் கரையக் கரைய அவை தளரும் என்பதையும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவுகளை முதல் நாளிலேயே தொடங்கலாம். தோளுக்கு மேல் கையைத் தூக்கும் பயிற்சியைச் சுமார் ஒரு வாரம் கழித்துத் தொடங்குவது நல்லது. டிரெயினில் 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் குறைவாக வந்தால் எடுத்துவிடலாம். அதற்குப் பிறகும் வலியில்லாத சிறு நீர்த்தேக்கம் தென்பட்டால் ஊசி போடாமல் கண்காணித்தால் போதும், பெரும்பாலும் உடலே அதை உறிஞ்சிக்கொள்ளும்.