சிபிஎல் கையில், வேலை எங்கே?

கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் (சிபிஎல்) கைக்கு வந்த அன்று, பறந்த நேரத்தைக் குறிக்கும் என் லாக்புக்கில் 211 மணி நேரம். ஏர்லைனில் வலது இருக்கை, அதாவது துணை விமானி வேலை கிடைக்க அதன்பின் 31 மாதம் ஆனது. நடுவில் 74 விண்ணப்பம் போட்டேன், பதில் வந்தது ஒன்பதுக்கு. சரியாகச் செய்ததைவிட சொதப்பியதுதான் அதிகம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு வியாழக்கிழமை விமானத்தை வாடகைக்கு ஓட்டும் சிறிய சார்ட்டர் நிறுவனம் ஒன்றிலிருந்து போன். "திங்கள் வர முடியுமா?" முடியும் என்றேன். பேப்பரை எல்லாம் அனுப்பச் சொன்னார்கள். எடுத்துப் பார்த்தால் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதியான என் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் காலாவதியாகி 11 நாள் ஆகியிருந்தது. அடித்துப் பிடித்துப் புதுப்பிக்க மூன்று வாரம். அதற்குள் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார்.

ஆகவே முதல் வேலை, தேதிகளைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். தொழில்முறை விமானிக்கான மருத்துவச் சான்றான கிளாஸ் 1 மெடிக்கல் 40 வயதுக்குள் இருந்தால் பொதுவாக 12 மாதம் செல்லும். ஆங்கிலத் தேர்வில் ஐசிஏஓ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) லெவல் 4 வாங்கியிருந்தால் மூன்று ஆண்டு, 5 என்றால் ஆறு ஆண்டு, 6 வாங்கிவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. ரேட்டிங்குகளுக்கு உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள். எதுவானாலும் 60 நாள் முன்பே போன் அலறட்டும். நீங்கள் தயாராகும்வரை யாரும் காத்திருப்பதில்லை. கூப்பிடும்போது தயாராக இருந்தால்தான் உண்டு.

பறப்பதற்குக் காசு குறைவாக இருந்தால் ஒரே வாரத்தில் பத்து மணி நேரம் பறந்து தீர்க்காதீர்கள். மாதம் ஒரு மணி நேரமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரு நோக்கத்தோடு ஏறுங்கள்: இந்த மாதம் ஹோல்டிங் (வானிலேயே வட்டமிட்டுக் காத்திருப்பது), அடுத்த மாதம் ஐஎல்எஸ் (ரேடியோ சிக்னலைப் பின்பற்றி ஓடுபாதைக்கு இறங்குவது).

இனி, 200 மணி நேரத்துக்கும் 1500க்கும் நடுவில் இருக்கும் பாலைவனம். ஏர்லைனில் கேப்டனாக வேண்டிய லைசென்ஸான ஏடிபிஎல்லுக்கு 1500 மணி நேரம் வேண்டும். பல நாடுகளில் சிபிஎல்லோடு ஃபர்ஸ்ட் ஆஃபீசர் (துணை விமானி) ஆகலாம். ஆனால் அமெரிக்காவில் 2009இல் பஃபலோ நகருக்கு அருகே நடந்த பயணிகள் விமான விபத்துக்குப் பிறகு, 2013 முதல், அந்த இருக்கைக்கே பொதுவாக 1500 கேட்கிறார்கள். (அந்த விபத்தில் இரண்டு விமானிகளுக்கும் 1500க்கு மேல் இருந்தது என்பது வேறு கதை.) இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங், கிளைடர் இழுப்பது, பாராசூட் குதிப்பவர்களை ஏற்றிச் செல்வது, வான்வழி சர்வே என்று எதில் மணி நேரம் கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதுவும் கிடைக்காதபோது நான் ஒரு விமானத் தளத்தின் ஆபரேஷன்ஸ் மேசையில் உட்கார்ந்தேன். வானிலை அறிக்கை எடுத்துக் கொடுப்பது, லோட் ஷீட் (விமானத்தின் எடைக் கணக்கு) போடுவது. நண்பர்கள் கேலி செய்தார்கள். ஆனால் என்னைத் தினமும் பார்த்த ஒரு கேப்டன்தான் பின்னால் என் பெயரை ஒரு இடத்தில் சொன்னார்.

குறிப்பிட்ட ஒரு விமான வகையை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங்கைச் சொந்தக் காசில், கையில் வேலை உறுதி இல்லாமல் வாங்காதீர்கள். பணம் கட்டினால் பறக்க விடுகிறோம் என்பவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள். என் கருத்து இது, மாறாது.

சிவி ஒரே பக்கம். மேலேயே மொத்த மணி நேரம், பிஐசி (விமானத்துக்குப் பொறுப்பாளராகப் பறந்த நேரம்), மல்டி எஞ்சின், இன்ஸ்ட்ருமென்ட், இரவு. இந்த எண்கள் லாக்புக்கோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு நேர்காணலில் எதிரே இருந்தவர் பேச்சே இல்லாமல் என் லாக்புக்கைப் புரட்டி, 17ஆம் பக்கத்தில் பென்சிலை வைத்து இரவு நேரத்தைக் கூட்டினார். 1.2 மணி நேரம் இடித்தது. வேண்டுமென்றே செய்ததல்ல, கூட்டல் பிழை. ஆனால் அவர் பென்சிலைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்த பார்வை! அன்றிரவே எல்லாப் பக்கத்தையும் மறுபடி கூட்டினேன்.

சிம் (சிமுலேட்டர்) தேர்வில் முதல் முறை தோற்றேன். ஆட்டோபைலட், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று திரையில் வழிகாட்டும் ஃப்ளைட் டைரக்டர் எதுவும் இல்லாமல் வெறும் கருவிகளைப் பார்த்து ஓட்டச் சொல்வார்கள்; என் கண் ஒரே கருவியில் ஒட்டிக்கொண்டது. பிறகு காக்பிட் படத்தைப் பெரிதாக அச்சிட்டு நாற்காலிக்கு முன் ஒட்டி, கண்ணை ஓட்டிப் பழகினேன். கூடவே வாய்க்கணக்கு: 3 டிகிரி பாதையில் தரைவேகத்தை 5ஆல் பெருக்கினால் இறங்கும் வேகம், 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல். ஹோல்டிங்கில் வெளிப்போக்கு (காத்திருக்கும் புள்ளியிலிருந்து விலகிச் செல்லும் பகுதி) 14,000 அடி வரை ஒரு நிமிடம், அதற்கு மேல் ஒன்றரை. கேட்ட நொடியில் வாயில் வர வேண்டும்.

நிராகரித்த இடத்துக்கும், அவர்கள் சொன்ன இடைவெளி முடிந்ததும் மறுபடி எழுதுங்கள். எனக்கு வேலை கொடுத்தது என் பன்னிரண்டாவது விண்ணப்பத்தை ஒதுக்கிய நிறுவனம்தான். நான் அனுப்பிய மெயிலில் மூன்றே வரி: போன முறைக்குப் பிறகு சேர்ந்த மணி நேரம், புதுப்பித்த ரேட்டிங்கும் மெடிக்கலும் செல்லும் தேதி, எத்தனை நாளில் வந்து சேர முடியும் என்பது. "கனவு", "ஆர்வம்" எதுவும் அதில் இல்லை.